மருந்தை வையுங்கள், விளக்கை எடுங்கள்!

உங்கள் பவளத் தொட்டியில் ஒரு கிளை வெளுத்திருக்கிறது. நேற்றுவரை ஊதா நிறத்தில் நிமிர்ந்து நின்ற அக்ரோபோராப் பவளத்தின் அடியில் இன்று எலும்பு தெரிகிறது. பக்கத்தில் மணல்மேல் ஏதோ பழுப்பாக, கொழகொழவென்று படர்ந்து, அதில் குமிழி குமிழியாகக் காற்று நிற்கிறது. இந்த நேரத்தில் உங்கள் கை எங்கே போகிறது? அலமாரியில் இருக்கும் மருந்துப் புட்டிக்கா? கடைக்காரரின் தொலைபேசி எண்ணுக்கா? இல்லை, "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது, தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று நெற்றிக்குப் போகிறதா?

நிறுத்துங்கள். அந்தக் கையைக் கீழே இறக்குங்கள். வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச் விளக்கு ஒன்றை எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை எடுங்கள். தொட்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்காருங்கள். உங்கள் பவளத்தைத் தின்பது எது என்று கண்டுபிடிக்க இந்த உலகத்திலேயே தகுதியான ஆள் நீங்கள்தான். கடைக்காரர் உங்கள் தொட்டியைப் பார்த்து எத்தனை மாதமோ! புட்டியின்மேல் அளவு எழுதியவர் அதைப் பார்த்ததே இல்லை. காலையிலும் மாலையிலும் அதன் முன்னால் நிற்பவர் நீங்கள். எந்தப் பவளம் எத்தனை மணிக்கு விரியும், எது முகம் சுருக்கும், எந்த மீன் எந்தக் கல்லைக் கொத்தும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு முன்னால் எந்தப் புட்டியும் நிற்காது. உங்களுக்குக் குறையாக இருப்பது அறிவு அல்ல; உங்கள் கண்ணின் மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லை. அந்த அவநம்பிக்கையைத்தான் இன்று உடைக்க வந்திருக்கிறேன்.

யாரிடம் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வந்து வீட்டில் வைக்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் கிடையாது. சட்டம் அனுமதிக்கும் ஊர்களில், டொராண்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ, தொட்டியிலேயே பெருக்கிய துண்டுகளை முறையாக வாங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து விளக்கும் பம்பும் வாங்கி, இரவு பத்து மணிக்கு மேலும் அதன் முன் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்காகவே எழுதுகிறேன்.

"நான் விலங்கியல் படித்தவன் இல்லையே" என்கிறீர்களா? ஒரு புழுவின் கதையைக் கேளுங்கள்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அமெரிக்க வீடுகளின் தொட்டிகளில் அக்ரோபோராக்கள் காரணம் தெரியாமல் மங்கின. கிளைகளின்மேல் வட்ட வட்டமாக வெளிறிய தழும்புகள். உற்றுப் பார்த்தாலும் அங்கே எதுவும் இல்லை. ஆனால் ரப்பர் குமிழ் வைத்த உறிஞ்சுகுழாயால் கிளைமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தபோது, பவளத்தின் தோல்போலவே ஒட்டிக் கிடந்த ஏதோ ஒன்று கழன்று மிதந்தது. தட்டைப்புழு! தான் தின்ற பவளத்தின் நிறத்தையும், அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியையும் தன் குடலில் வைத்துக்கொண்டு, அந்தப் பவளமாகவே தோற்றம் காட்டிய புழு. அதைக் கண்டுபிடித்தவர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் தொட்டி பார்ப்பவர்கள். அறிவியலில் அதற்கு அப்போது பெயர்கூட இல்லை. 2011இல்தான் கேட் ராலின்சனும் அவருடன் உழைத்தவர்களும், தொட்டிகளிலிருந்து கிடைத்த புழுக்களை ஆராய்ந்து, அமகுசாபிளானா அக்ரோபோரே என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 2012இல், ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் அது முதன்முறையாக இயற்கையில் காணப்பட்டதாக அறிக்கை வந்தது. எண்ணிப் பாருங்கள்! கடலில் எவரும் பதிவு செய்யும் முன்பே, நான்கு கண்ணாடிச் சுவருக்குள் உங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். கடல் உயிரியலாளருக்கு வழி காட்டியது, பிள்ளைகள் தூங்கியபின் டார்ச்சோடு உட்கார்ந்த பொழுதுபோக்குக்காரர்களின் பிடிவாதம்.

ஒரு முறைதான் அப்படி நடந்தது என்று நினைக்காதீர்கள். மான்டிபோரா பவளத்தின் ஓரங்களைத் தின்னும் சின்னஞ்சிறு வெள்ளைக் கடல்நத்தை, ஓடில்லாத நத்தை, பல ஆண்டுகள் தொட்டிக்காரர்களின் சாபத்துக்கு ஆளாகியிருந்தது. பெஸ்டில்லா சபோடியோசஸ் என்று அதற்கு அறிவியல் பெயர் வந்தது 2020இல். அதற்கும் முன்னால் எத்தனை பேர் மான்டிபோராத் தட்டைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டிய வெள்ளை முட்டைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருப்பார்கள்! பெயர் தெரியாமலேயே பகையை அறிந்தவர்கள் அவர்கள்.

இந்தத் துறையே அப்படி வளர்ந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் வெயிலையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத்தை உயிரோடு வைத்திருந்தார். அவர் அதை எழுதியபோது மேலை நாடுகளில் பலர் நம்ப மறுத்தார்கள். 1980களில் பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் தன் தொட்டியில் அக்ரோபோராவை வளர்த்து, துண்டு துண்டாக நண்பர்களுக்குக் கொடுத்தார்; அந்தக் கிளையின் பிள்ளைகள் நாடு நாடாகப் போயின. "முடியாது" என்ற ஊரில் முடித்துக் காட்டியவர்கள் இவர்கள். அவர்களிடம் இருந்த கருவிகளைவிடப் பல மடங்கு உங்களிடம் இருக்கிறது. பிறகு என்ன தயக்கம்?

சரி, உட்கார்ந்துவிட்டீர்கள். இனி பாருங்கள். முதலில் அந்த நீல விளக்கை அணைத்துவிடுங்கள். நீல வெளிச்சத்தில் பவளம் பளபளக்கும், மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், நோய் தெரியாது. நோய் பார்க்கும்போது வெள்ளை வெளிச்சம் தவிர வேறு எதையும் நான் ஏற்க மாட்டேன்.

வெளுத்த இடத்தில் தசை இருக்கிறதா, இல்லையா? இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால். தசை இருந்து, அது கண்ணாடிபோல ஒளி ஊடுருவ, உள்ளிருக்கும் எலும்பின் வெண்மை அதன் வழியே தெரிந்தால், உங்கள் பவளம் வெளிறியிருக்கிறது. தன் உடலில் குடியிருந்த நுண்பாசியை இழந்திருக்கிறது. வெப்பம் ஏறியதா, புது விளக்கை ஒரே நாளில் முழு வேகத்தில் வைத்தீர்களா என்று தேடுங்கள். அது இன்னும் உயிரோடிருக்கிறது. மீளக்கூடும். தசையே இல்லாமல் வெறும் எலும்பு நின்றால் கதை வேறு. அந்த எலும்பு பாலாக வெள்ளையாக இருந்தால் இழப்பு புதிது, ஒருவேளை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. பச்சையாகப் பாசி படிந்திருந்தால் அது பழைய கணக்கு, பகை போய்விட்டிருக்கலாம். இந்த ஒரு பார்வைக்கே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து, எங்கிருந்து தொடங்கியது? நுனிகள் கருகியதுபோல வெளுத்திருந்தால் பூச்சியைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். காரத்தன்மையை அளந்து பாருங்கள். இயற்கைக் கடல்நீரில் அது ஏறக்குறைய ஏழு டி.கே.எச். உங்கள் தொட்டியில் அது பத்து, பதினொன்று என்று ஏறி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒன்றுமில்லாமல் போயிருந்தால், நுனி எரிவது அந்த இரண்டும் சேர்ந்த வேலை. அடியிலிருந்து மேல்நோக்கி வெளுப்பு ஏறினால், நிழல் விழும் பக்கத்தையும் கிளை பிரியும் கக்கத்தையும் பாருங்கள். அங்கே வட்டத் தழும்பு இருக்கிறதா? தசை போன எலும்பின்மேல் பொன்பழுப்பு நிறத்தில் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றனவா? இருந்தால் உங்கள் பகைவன் அந்தத் தட்டைப்புழுதான். தழும்பே இல்லாமல் பவளம் முழுவதும் மங்கி, விரியும் பாலிப்புகள் உள்ளேயே இழுத்துக்கொண்டு கிடந்தால் லென்ஸை இன்னும் கிட்டே கொண்டு போங்கள். அரை மில்லிமீட்டர் அளவில், மஞ்சள் உடலில் ஒரு சிவப்புப் புள்ளியோடு, கிளையின் வழவழப்பான தோலில் ஏதாவது ஊர்கிறதா? டெகாஸ்டிஸ் அக்ரோபோரானஸ். நம் ஆட்கள் 'ரெட் பக்' என்பது இதைத்தான். பெயர் பூச்சி என்றாலும் இறால், நண்டின் இனத்தைச் சேர்ந்தது. இவை எதுவும் இல்லாமல், சில மணி நேரத்துக்குள் தோல் உரிந்து தண்ணீரில் மிதந்தால் பூச்சி தேடவே நேரமில்லை. கத்தரியை எடுத்து, உரிந்த எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி, நல்ல நுனிகளை வெட்டிக் காப்பாற்றுங்கள். அந்த இடத்தில் தயங்குவதுதான் கோழைத்தனம்.

ஏன் இவ்வளவு பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்? ரெட் பக்கை ஒழிக்கத் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் மில்பெமைசின் ஆக்சிம், நாய்களின் இதயப்புழுவுக்குக் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மருந்து. அது ரெட் பக்கைக் கொல்லும். கூடவே உங்கள் இறாலையும் நண்டையும் மணலில் வாழும் சிற்றுயிர்ப் படையையும் கொல்லும். தட்டைப்புழுவை ஒழிக்காது. தட்டைப்புழு இருக்கும் தொட்டியில் இதை ஊற்றினால், பகைவனை விட்டுவிட்டு உங்கள் காவலாளிகளை நீங்களே வெட்டுகிறீர்கள். தஞ்சை வயல்களில் புகையான் தாக்கியதென்று சந்தேகம் வந்தால், அனுபவமுள்ள உழவர் கரையில் நின்று இலைநுனியைப் பார்த்துவிட்டுப் போகமாட்டார். சேற்றில் இறங்கி, தூரைப் பிரித்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டில் பூச்சி அப்பியிருக்கிறதா என்று பார்ப்பார். ஏனென்றால், கண்டதையும் அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் வண்டும் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும் என்பது பட்டு அறிந்த உண்மை. உங்கள் பாட்டனுக்கு அந்தக் கண் இருந்தது. அது உங்களுக்கும் இருக்கிறது. டொராண்டோவின் பதினெட்டாம் மாடிக்குப் போனதால் அது போய்விடவில்லை.

பகைவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் போர் எளிது என்று சொல்ல மாட்டேன். தெளிவாகும், அவ்வளவுதான். பவளத்தை முக்கி எடுக்கும் குளியல் மருந்து தட்டைப்புழுவின் முட்டையைக் கொல்லாது. அதனால் ஒரு முறை முக்கி எடுத்துவிட்டு "வென்றுவிட்டேன்" என்று கூவாதீர்கள். முட்டை ஒட்டிய எலும்பை வெட்டி எறியுங்கள், எட்டாத இடத்தைச் சுரண்டுங்கள், தனித் தொட்டியில் வைத்து வாரந்தோறும் மறுபடி முக்குங்கள். முட்டை பொரிக்கச் சில வாரம் ஆகும். தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம். உங்கள் விடாமுயற்சி அந்த முட்டையின் பொறுமையைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்தப் புழு அக்ரோபோராவை நம்பியே பிழைக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும் துருப்பு: அக்ரோபோரா இல்லாத தொட்டியில் அது பட்டினி கிடந்து சாகும்.

பாசிக்கு வருவோம். இங்கேதான் மனிதர்கள் அதிகம் உடைந்து போகிறார்கள். பூச்சி ஒரு பவளத்தைத் தின்னும். பாசி தொட்டி முழுவதையும் மூடி, "நீ தோற்றுவிட்டாய்" என்று தினமும் முகத்துக்கு நேராகச் சொல்லும். அதை நம்பாதீர்கள்! பழுப்பாகப் படர்ந்ததெல்லாம் ஒன்று என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் தூசுபோலப் படியும் பழுப்பு டயாட்டம். சிலிக்கேட்டைத் தின்று தீர்த்ததும் தானே குறையும். அதற்கு மருந்து வாங்குவது காசைக் கடலில் கரைப்பது. சிவப்பும் ஊதாவுமாக, ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் தோல்போல முழுசாக உரிந்து வருவது சயனோ. அது பாசியே இல்லை, பாக்டீரியா. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் காற்றை ஆக்சிஜனால் நிரப்பத் தொடங்கியதே இதன் மூதாதையர்தான். அப்பேர்ப்பட்ட உயிரை ஒரு வாரத்தில் ஒழிக்கவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம். நீரோட்டம் தேங்கும் மூலையைக் கண்டுபிடியுங்கள், படிந்த கழிவை உறிஞ்சி எடுங்கள், பம்பைத் திருப்புங்கள்.

மூன்றாவது, சளிச்சரடுகளாகத் தொங்கி, அதில் குமிழிகள் நின்று, விளக்கு அணைந்ததும் மறைந்து, மறுநாள் மதியம் திரும்பி வருவது. டைனோஃபிளாஜெல்லேட். தொட்டிக்காரர் வாயில் 'டைனோ'. சந்தேகமா? சோதியுங்கள். கொஞ்சம் சளியை உறிஞ்சி ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீருக்குள் மறுபடி சரடு சரடாகச் சேர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஓரிரு ரூபாய்த் தாளில் முடிந்த சோதனை இது! இன்னும் ஒரு படி போங்கள். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி போதும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவில், ஒரு முனையில் கட்டிப்போட்டதுபோல அதே இடத்தில் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். இரவில் அது தண்ணீருக்குள் எழுந்து மிதக்கும். அப்போது புற ஊதா விளக்கு வழியாகத் தண்ணீரை ஓட்டினால் சிக்கும். நீள்வட்டமாக, மணலை விட்டு எழாமல் வழுக்கிக்கொண்டே போனால் ஆம்ஃபிடினியம். புற ஊதா விளக்கு அதைத் தொடாது. மணலில் டயாட்டத்தைப் போட்டிக்கு வளர்த்து அதன் இடத்தைப் பறிப்பதே அங்கே வழி. ஒரே பழுப்புச் சளி, இரண்டு வேறு போர்முறை! பெயர் தெரியாமல் விலையுயர்ந்த விளக்கை வாங்கிவிட்டு "எதுவும் பலிக்கவில்லை" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் குறைந்தது பணம் அல்ல, ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்கும் துணிவு.

டைனோ பெரும்பாலும் எந்தத் தொட்டியைப் பிடிக்கிறது தெரியுமா? நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாகத் துடைத்து, சோதனையில் பூஜ்யம் வந்ததும் பெருமைப்பட்ட தொட்டியை. சத்தில்லாத தண்ணீரில் மற்றவை எல்லாம் பட்டினி கிடக்க, இது மட்டும் எழும். அதனால் இங்கே சுத்தம் செய்வதை நிறுத்தித் தொட்டிக்குச் சோறு போட வேண்டும். நைட்ரேட்டை ஐந்து பி.பி.எம். பக்கம் உயர்த்தி, பாஸ்பேட்டும் சோதனையில் தெரியும்படி விட்டு, டைனோவுக்குப் போட்டியாளர்களை எழுப்ப வேண்டும். பாசியைக் கண்டால் சத்தைக் குறை என்று ஊரே சொல்லும்போது, நீங்கள் நுண்ணோக்கியில் பார்த்ததை நம்பி, சத்தை ஏற்ற வேண்டும். இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் தெரியுமா? பார்த்தவருக்குத்தான் அது வரும்.

இதில் என்னைப் பெரிதும் சிலிர்க்க வைக்கும் உண்மை வேறு. பவளத்தின் தசைக்குள் வாழ்ந்து, வெயிலில் உணவு சமைத்துத் தரும் அந்த நுண்பாசி இருக்கிறதே, சூசாந்தெல்லே, அதுவும் டைனோஃபிளாஜெல்லேட்தான். 1944இல் பலாவ் தீவில் ஜப்பானிய அறிஞர் சிரோ கவாகுடி அதை அறிவித்தார். உங்கள் பவளத்தைக் காப்பாற்றுவதும் மூடிக் கொல்வதும் ஒரே பெருங்குலம். பொத்தாம்பொதுவாக "பாசியைக் கொல்" என்று கிளம்பக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

கண்ணை நம்பு என்கிறேன் அல்லவா, அதே கண் ஏமாற்றவும் செய்யும், அதையும் எதிர்கொள்ளுங்கள். இரவில் டார்ச் அடித்ததும் செத்துக்கொண்டிருக்கும் பவளத்தின்மேல் முள்முள்ளாக ஒரு புழு ஊர்ந்தால் உடனே "இவன்தான் கொலைகாரன்" என்று இடுக்கியை எடுக்கிறார்கள். தொட்டிகளில் காணும் முள்புழுக்களில் பெரும்பாலானவை துப்புரவுத் தொழிலாளிகள். செத்த தசையின் வாடைக்கு வந்தவை. கரீபியன் கடலின் தீப்புழு போலப் பவளத்தை நிஜமாகவே தின்பவை உண்டு, ஆனால் அரிது. குற்றம் நடந்த இடத்தில் நின்றதற்காகத் தண்டனை கொடுக்காதீர்கள். நல்ல பவளத்தின்மேல் அது தின்பதை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். நொடியும் தாமதிக்காத கத்தரியும், சான்று கேட்டு நிற்கும் இடுக்கியும் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டும்.

ஏப்டேசியாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிப் பேர் என்னை மன்னிக்க மாட்டார்கள். பழுப்பு நிறச் சின்னக் கடல்தாமரை. கோபத்தில் கிள்ளினால், விட்டுப்போன துணுக்கிலிருந்து பத்தாக முளைக்கும். பலரை இந்தப் பொழுதுபோக்கைவிட்டே ஓட வைத்த உயிர் இது. ஆனால் பாருங்கள், பவளமும் நுண்பாசியும் கூடி வாழும் உறவை ஆராய உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இதைத்தான் வளர்க்கின்றன. 2015இல் இதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. இவ்வளவு எளிதில் சாகாத உயிரை எதிர்க்க உங்கள் விரல் போதாது. சுண்ணாம்புக் குழம்பை ஊசிவழி அதன் வாய்க்குள் செலுத்துங்கள், அல்லது ஏப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாத பெர்கியா நத்தையை விடுங்கள். உங்களுக்குப் பதில் அது இரவெல்லாம் வேட்டையாடும்.

தன்னம்பிக்கை என்ற பெயரில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். பாலித்தோவா, சோவாந்திட் என்ற கடல்தாமரை உறவுகள் ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கொதித்து எழும் ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்ட்ரியாப்சிஸும் அதே இனத்து நஞ்சைச் சுரப்பதுதான்: 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் அது பெருகியபோது, வெறும் கடற்காற்றைச் சுவாசித்தே ஏறக்குறைய 200 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்புங்கள். இதனால் வீரம் குறைந்துவிடாது.

ஒரு பாசியைச் சரியான நேரத்தில் அடையாளம் காண்பதற்கு எவ்வளவு விலை என்று கேட்டால், மத்தியதரைக் கடலைக் காட்டுவேன். மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே 1984இல், மீன்தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த காலர்ப்பா டாக்சிஃபோலியா ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. ஒரு மனிதன் ஒரு காலையில் கையால் பிடுங்கியிருக்கலாம். யாருடைய பொறுப்பு, இது பெரிய விஷயமா என்று ஆண்டுகள் கழிந்தன. அலெக்சாண்டர் மெய்னேஸ் என்ற அறிஞர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். பாசி நாடுகளின் எல்லைகளைத் தாண்டி ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. அதே பாசி 2000 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஒரு உப்பங்கழியில் தலைகாட்டியது. கடற்புல்லைக் கணக்கெடுக்கப் போனவர்கள், "இது இங்கே இருக்க வேண்டியதில்லையே" என்று நின்று பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் செலுத்தும் வேலை தொடங்கிவிட்டது. 2006இல் முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஒரே பாசி, ஒரு கடலில் தோல்வி, இன்னொரு கடலில் வெற்றி. நடுவில் நின்றது ஒரு ஜோடிக் கண், "இது சரியில்லை" என்று உரக்கச் சொன்ன ஒரு வாய். அந்த இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. தொட்டியிலிருந்து பிடுங்கிய பாசியையும் கல்லையும் கடலிலோ ஆற்றிலோ சாக்கடையிலோ போடாமல், பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்தோ வெயிலில் முழுதாக உலர்த்தியோ குப்பையில் போடுங்கள். சோவாந்திட் ஒட்டிய கல்லுக்கு அந்தக் கையுறை கட்டாயம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது நிமிர்ந்து போங்கள். பிடித்த துண்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டிவிட்டுக் காசை நீட்டாதீர்கள். "அதை எடுத்து, வெள்ளை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும், பின்னால் வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விட்டாலும் லென்ஸை எடுங்கள். ஒட்டியிருக்கும் வில்லையின் அடியைப் பாருங்கள், கிளை பிரியும் கக்கத்தைப் பாருங்கள், தசை தொடங்கும் எல்லையைப் பாருங்கள். சுத்தமாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி, ஒட்டுவில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு, தனித் தொட்டியில் சில வாரம் வையுங்கள். பொன்பழுப்பு முட்டைக் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால், எவ்வளவு அழகான நிறமானாலும், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், கடைக்காரருக்கு அதைச் சுட்டிக்காட்டிவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.